செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

"போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆட்டோமேட்டிக், சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்."

பழைய கார் விற்கும் ஆப்களில் அடிக்கடி கண்ணில் படும் மாதிரியான விளம்பரம் இது. போட்டோவில் கார் பளபளன்னு இருக்கும். விலையும் கைக்கு எட்டுற மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஒரு வரியில் முக்கியமான தகவல் ஒன்று இல்லை. இதே பெயரில் விற்கப்பட்ட கார்களில், தயாரான வருஷத்தைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் இருக்கின்றன. ஒன்று கெட்டால் பில் லட்சத்தைத் தாண்டலாம். இன்னொன்று நம்ம ஊர் டிராஃபிக்கை அதிகம் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும்.

"ஆட்டோமேட்டிக் வாங்கலாமா, மேனுவல் வாங்கலாமா?" என்ற கேள்விக்கு நண்பர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது அது இல்லை. "எந்த கியர்பாக்ஸ்? அது கெட்டால் என்னால் தாங்க முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஏன்னு விளக்கமா பார்க்கலாம்.

பழைய காருக்கு ஏன் இந்த மவுசு?

புதுசு வாங்கினால் விலை எங்கேயோ போய் நிற்கிறது. 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்தபோது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ எக்ஸ்-ஷோரூம் விலை 53 லட்சம் ரூபாயாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்தபோது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் விலை 49.99 லட்சம் ரூபாய். அதுவும் 100 கார்கள் மட்டுமே. இரண்டிலும் மேனுவல் கியர் கிடையாது, ஆட்டோமேட்டிக் மட்டும்தான்.

அதனால் வேகமான காருக்கு ஆசைப்படும் நடுத்தரக் குடும்பத்து இளைஞர்கள் பழைய கார் பக்கம்தான் பார்க்கிறார்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட் அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ், ஹூண்டாய் ஐ20 என் லைன், விர்டஸ் ஜிடி, பழைய ஆக்டேவியா விஆர்எஸ் இவையெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஃபெராரி, போர்ஷே கணக்கில் பார்த்தால் இவை ஸ்போர்ட்ஸ் கார்களே இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் நம்ம சாலையில், நம்ம பட்ஜெட்டில் "ஸ்போர்ட்ஸ் கார்" என்று கைக்குக் கிடைப்பது இவைதான்.

இவற்றில் போலோ 2022-லேயே இந்தியாவில் விடைபெற்றுவிட்டது. புன்டோ அதற்கும் முன்பே போய்விட்டது. பெரும்பாலான பழைய கார்களுக்கு கம்பெனி வாரண்டியும் முடிந்திருக்கும். அதாவது கியர்பாக்ஸில் கோளாறு வந்தால், பில் முழுக்க நம்ம தலையில்தான்.

'ஆட்டோமேட்டிக்' என்பது ஒரே வகை இல்லை

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் நாம் ஆட்டோமேட்டிக் என்கிறோம். உள்ளே நடப்பது ஒவ்வொன்றிலும் வேறு வேறு.

டார்க் கன்வெர்ட்டர்: இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு பாகம் இருக்கும். சக்தியை அந்த எண்ணெய்தான் கடத்துகிறது. கார் ஊர்ந்து போகும்போது தேய்வதற்கு உலர்ந்த கிளட்ச் தகடு எதுவும் இல்லை. அதனால் நெரிசலில் பொறுமையாக ஓடும். பிஎம்டபிள்யூ கார்களில் வரும் இசட்எஃப் நிறுவனத்தின் 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் இந்த வகை. "இதுக்கு ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்வது கியர்பாக்ஸ் தயாரித்த இசட்எஃப் நிறுவனமேதான்.

டூயல் கிளட்ச்: ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் டிஎஸ்ஜி என்றும், ஹூண்டாயில் டிசிடி என்றும் அழைப்பது இதைத்தான். அடிப்படையில் இது மேனுவல் கியர்பாக்ஸ் மாதிரிதான். ஆனால் கிளட்ச் இரண்டு. ஒன்று 1, 3, 5, 7-வது கியர்களுக்கு, மற்றொன்று 2, 4, 6-வது கியர்களுக்கு. நீங்கள் மூன்றாவது கியரில் போகும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். அதனால்தான் கண் இமைப்பதற்குள் கியர் மாறுகிறது.

இந்த டூயல் கிளட்சிலும் இரண்டு ரகம் உண்டு. கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடி இயங்கினால் 'வெட்' கிளட்ச், எண்ணெய் இல்லாமல் இயங்கினால் 'டிரை' கிளட்ச். எண்ணெய் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். டிரை கிளட்சில் அந்த வசதி இல்லை.

ஐஎம்டி: கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் கியரை நாம்தான் மாற்ற வேண்டும். லிவரில் கை வைத்ததை சென்சார் உணர்ந்து, கிளட்சை மோட்டார் இயக்கும். விளம்பரத்தில் சிலர் இதையும் ஆட்டோமேட்டிக் என்று போட்டுவிடுவதுண்டு. இது ஆட்டோமேட்டிக் இல்லை.

ஒரே பெயர், வேறு வேறு கியர்பாக்ஸ்

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

* போலோ ஜிடி டிஎஸ்ஐ: 2013-ல் வந்தபோது 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 பிஎஸ் சக்தி, 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி. 2020-ல் பிஎஸ்6 விதி வந்ததும் எல்லாம் மாறியது. 1.0 லிட்டர் இன்ஜின், 110 பிஎஸ், 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர். அதே 1.0 டிஎஸ்ஐ இன்ஜினுடன் 6 ஸ்பீடு மேனுவலும் மற்ற போலோ வேரியன்ட்களில் கிடைத்தது.

* ஹூண்டாய் ஐ20 என் லைன்: சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார். 2021-ல் வந்தபோது ஐஎம்டி, 7 ஸ்பீடு டிசிடி என இரண்டு தேர்வுகள். 2023-ல் ஐஎம்டி போய், வழக்கமான 6 ஸ்பீடு மேனுவல் வந்தது.

* விர்டஸ் ஜிடி 1.5: 2022-ல் 7 ஸ்பீடு டிஎஸ்ஜியுடன் மட்டும் வந்தது. மேனுவல் 2023-ல்தான் சேர்ந்தது. இன்ஜின் 150 பிஎஸ்.

* ஆக்டேவியா விஆர்எஸ்: 2017-ல் வந்த 230 பிஎஸ் காரில் 6 ஸ்பீடு வெட் கிளட்ச் டிஎஸ்ஜி. 2020-ல் 200 கார்கள் மட்டும் வந்த 245 பிஎஸ் மாடலில் 7 ஸ்பீடு வெட் கிளட்ச்.

* அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ்: இரண்டிலும் மேனுவல் மட்டுமே. அபார்த் 145 பிஎஸ், பலேனோ ஆர்எஸ் 102 பிஎஸ்.

ஆக, விளம்பரத்தில் இருக்கும் மாடல் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆர்சியில் தயாரிப்பு மாதம், வருஷம் என்ன என்று முதலில் பாருங்கள். அதை வைத்தே உள்ளே என்ன கியர்பாக்ஸ் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டிரை கிளட்ச்: சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் என்ன நடந்தது?

2013 மார்ச் 15. நுகர்வோர் உரிமை தினத்தன்று சீன அரசுத் தொலைக்காட்சி சிசிடிவி, டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கோளாறுகள் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அடுத்த சில நாட்களிலேயே 3,84,181 கார்களைத் திரும்பப் பெறுவதாக ஃபோக்ஸ்வாகன் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி உள்ள சுமார் 16 லட்சம் கார்களுக்கு உலக அளவில் கியர் ஆயில் மாற்றும் நடவடிக்கை. செயற்கை ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமுள்ள ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில் மின்கோளாறு வரலாம் என்பதே காரணம்.

வெப்பம், ஈரப்பதம், நின்று நின்று போகும் டிராஃபிக். மூன்றையும் சேர்த்துப் படித்தால் நமக்கு சென்னை ஞாபகம்தான் வரும்.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு கதை. ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்களில் ஃபோர்டு நிறுவனம் 'பவர்ஷிஃப்ட்' என்ற டிரை டூயல் கிளட்ச் கியர்பாக்ஸைப் பொருத்தியிருந்தது. கார் குலுங்குகிறது என்று புகார் சொன்ன சில வாடிக்கையாளர்களிடம், "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த விவகாரத்தில் 2018-ல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

இதையெல்லாம் படித்துவிட்டு "டூயல் கிளட்சே வேண்டாம்" என்று ஓடத் தேவையில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டரைப் பிரச்னையில்லாமல் தாண்டிய டிஎஸ்ஜி கார்களும் நிறைய இருக்கின்றன. பிறகு வந்த கியர்பாக்ஸ்களில் திருத்தங்களும் செய்யப்பட்டன. புரிந்துகொள்ள வேண்டியது கோளாறு வரும் வழியைத்தான்.

ஊர்ந்து போகும் நெரிசலில் ஆட்டோமேட்டிக் காரை பிரேக்கை லேசாக விட்டு நகர்த்துவோம். அப்போது டிரை கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும். மேனுவலில் ஹாஃப் கிளட்ச் போட்டு ஓட்டுவது மாதிரிதான். சூடு ஏறும், தகடு தேயும். இது முதல் பிரச்னை. இரண்டாவது, இந்தக் கிளட்சுகளையும் கியர்களையும் இயக்கும் 'மெகாட்ரானிக்' யூனிட். அழுத்த எண்ணெயும் மின்னணுவும் சேர்ந்த பாகம் இது. இது பழுதானால் ஒற்றைப்படை கியர்கள் மட்டும் விழலாம். இல்லையென்றால் இரட்டைப்படை கியர்களோடு ரிவர்ஸும் சேர்ந்து காணாமல் போகலாம். முழு யூனிட்டையும் மாற்றச் சொன்னால் செலவு லட்சத்தைத் தாண்டும். ஆறு, ஏழு லட்சத்துக்கு வாங்கிய காருக்கு அது சின்னத் தொகை இல்லை.

அப்போ மேனுவல்தான் சேஃபா?

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

மேனுவலின் பெரிய பலம் ஒன்று: கெட்டால் சரிசெய்ய ஆள் கிடைப்பார்கள். கிளட்ச் செட் மாற்றுவது அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேலை. செலவும் பெரும்பாலும் ஆயிரங்களில் முடிந்துவிடும்.

பலவீனம் என்னவென்றால், முந்தைய ஓனரின் கால் எப்படிப்பட்டது என்பதைக் கார் மறக்காது. ஸ்போர்ட்ஸ் காரை வாங்குபவர் அதை விரட்டித்தான் ஓட்டியிருப்பார். சிக்னலில் சர்ரென்று கிளப்புவது, கிளட்சை மிதித்தபடியே ஓட்டுவது, கியரை அவசரமாக இறக்குவது என எல்லாமே கிளட்சிலும் கியர் பற்களிலும் பதிந்திருக்கும். ஆட்டோமேட்டிக்கில் தவறான கியர் போட கம்ப்யூட்டர் விடாது. மேனுவலில் அந்தக் காவல் கிடையாது.

இன்னொரு சிக்கல் 'ரீமேப்'. இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டும் வேலை இது. டர்போ கார்களில் இது ரொம்ப சகஜம். கூடுதல் சக்தி முதலில் சோதிப்பது கிளட்சைத்தான். டிரை கிளட்ச் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி தாங்கும் அளவு 250 என்எம் டார்க். விர்டஸ் ஜிடி 1.5 இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 என்எம் தருகிறது. அதற்கு மேல் ரீமேப் செய்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். விற்பதற்கு முன் மென்பொருளை பழையபடி மாற்றிவிட முடியும் என்பதால், "ரீமேப் பண்ணியிருக்கீங்களா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் பரவாயில்லை.

'மேனுவல்தான் ரியல் ஸ்போர்ட்ஸ் கார்' - இது உண்மையா?

வேகத்தைப் பொறுத்தவரை அந்தக் காலம் முடிந்துவிட்டது. டொயோட்டா ஜிஆர் சுப்ரா 3.0 காரை எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக்குக்கு 3.9 விநாடி, மேனுவலுக்கு 4.2 விநாடி. இது டொயோட்டாவே சொல்லும் கணக்கு. ரேஸ் களத்திலும் அப்படித்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது நினைவிருக்கலாம். அந்த போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் கியர் மாற்றுவது ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் பேடிலில்தான்.

ஆனால் ரசனை வேறு கணக்கு. 2013-ல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொண்டுவந்தது. ரசிகர்கள் விடவில்லை. 2017-ல் மேனுவல் திரும்பி வந்தது. சுப்ராவுக்கும் 2022-ல்தான் மேனுவல் கொடுத்தார்கள். கையால் கியர் போடும் சுகத்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்பது உண்மை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் பழைய மேனுவல் ஃபெராரி கூடுதல் விலைக்குப் போவதைப் பார்த்து, "மேனுவல் வாங்கினா நாளைக்கு விலை ஏறும்" என்று இங்கே சிலர் சொல்வார்கள். அது அரிதான, சேகரிப்பாளர்கள் தேடும் கார்களுக்கான கணக்கு. ஆயிரக்கணக்கில் விற்ற ஹேட்ச்பேக்குக்குப் பொருந்தாது. பழைய காரை முதலீடாக நினைத்து வாங்காதீர்கள்.

உங்களுக்கு எது?

தினமும் ஆபீஸ் போக இதே கார்தானா? வீட்டில் வேறு யாரும் ஓட்டுவார்களா? மாலை ஆறு மணிக்கு கத்திப்பாராவிலோ, வேளச்சேரியிலோ, கோவை அவினாசி சாலையிலோ நிற்பீர்களா? அப்படியென்றால் டார்க் கன்வெர்ட்டர் உங்களுக்குப் பொருத்தம். அடுத்தது வெட் கிளட்ச். அதிலும் 6 ஸ்பீடு வெட் டிஎஸ்ஜியில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர் மாற்றியதற்கான பில் இருக்க வேண்டும். டிரை கிளட்ச் என்றால், வாரண்டி மிச்சம் இருக்கும் காராகவோ, ரிப்பேருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிய பிறகோ வாங்குங்கள்.

வார இறுதியில் ஈசிஆர், எப்போதாவது 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலை, மற்ற நாளில் பைக்கோ மெட்ரோவோ என்றால் மேனுவல் மகிழ்ச்சி தரும். மாதச் சம்பளத்தில் எல்லாவற்றையும் சமாளிப்பவருக்கும் மேனுவல்தான் நிம்மதி.

டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்கணும்?

முதல் நிபந்தனை: இன்ஜின் சூடாக இல்லாதபோது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். பல கோளாறுகள் குளிர்ந்த நிலையில்தான் தெரியும், சில நன்றாகச் சூடேறிய பிறகு தெரியும். அதனால் குறைந்தது அரை மணி நேரம், டிராஃபிக்கிலும் ஓட்டிப் பாருங்கள்.

டூயல் கிளட்ச் என்றால்:

* ஆக்சிலரேட்டர் தொடாமல் ஊர விடுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவது மாறும்போது உதறல் இருக்கிறதா?
* சின்ன மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். குலுங்குகிறதா, கியர் விழத் தாமதமாகிறதா?
* டேஷ்போர்டில் கியர் எழுத்துகள் மின்னினால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.
* ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய், கியர்பாக்ஸில் பதிவான பிழைகளையும் கிளட்ச் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மேனுவல் என்றால்:

* நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.
* மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது 'கரக்' சத்தம் வருகிறதா?
* ஆக்சிலரேட்டரை சட்டென்று விடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா?
* கிளட்ச் பெடல் ரொம்ப மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறதா, ரொம்பக் கனமாக இருக்கிறதா?

பணக் கணக்கு

பதிவுபெற்ற டீலர்கள் விற்கும் பழைய கார்களுக்கு ஜிஎஸ்டி இப்போது 18 சதவீதம். 2024 டிசம்பர் 21 ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் எடுத்த முடிவு இது. அதற்கு முன் சின்ன கார்களுக்கு 12 சதவீதமாக இருந்தது. இந்த வரி முழு விலைக்கும் இல்லை, டீலரின் லாபத்துக்கு மட்டும்தான். 6 லட்சத்துக்கு வாங்கிய காரை 6.80 லட்சத்துக்கு விற்றால், 80,000 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 14,400 ரூபாய். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை.

அதற்காக தனிநபரிடம் வாங்குவதே லாபம் என்று ஆகிவிடாது. டீலரிடம் வாரண்டி கிடைக்கலாம். ஆனால் "கியர்பாக்ஸ் வாரண்டி உண்டு" என்ற வாய்வார்த்தை போதாது. கிளட்ச், மெகாட்ரானிக் யூனிட் இரண்டும் அந்தப் பத்திரத்தில் பெயரோடு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வாரண்டி உங்களுக்குத் தேவையான இடத்தில் உதவாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு போன் போடுங்கள். அந்தக் காரின் தயாரிப்பு வருஷத்தைச் சொல்லி, கிளட்ச் மாற்ற எவ்வளவு, கியர்பாக்ஸ் யூனிட் மாற்ற எவ்வளவு, பாகம் வர எத்தனை நாள் என்று சர்வீஸ் சென்டரிலும் ஒரு வெளி மெக்கானிக்கிடமும் கேளுங்கள். வந்த தொகையைக் காரின் விலையோடு கூட்டுங்கள். அதுதான் அந்தக் காரின் உண்மையான விலை.

இன்னொன்று: தனியார் காரின் ஆர்சி 15 ஆண்டுகளுக்கு. 2013 மாடல் என்றால் 2028-ல் புதுப்பிக்க வேண்டி வரும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த விளம்பரத்தைத் திரும்பப் படியுங்கள். "போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆட்டோமேட்டிக், சிங்கிள் ஓனர்." விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "கடைசி விலை என்ன?" என்பது இல்லை. "எந்த வருஷம், எந்த மாசம் தயாரான கார்?" என்பதுதான். கூட்டிப் பார்த்த அந்த முழுத் தொகையும் உங்களால் தாங்க முடிகிற தொகை என்றால், ஆட்டோமேட்டிக்கோ மேனுவலோ, பிடித்ததை எடுங்கள். முடியாது என்றால், கார் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.